ஜாவீதுக்கு அந்த கேமு வாங்கித் தரலாமா

இல்லீங்க்கா, மிஸ்ஸு உங்கள எங்கிட்ட அனுப்புனதுல தப்பே இல்ல. போன பேரன்ட்ஸ் மீட்டிங்ல நானேதான எந்திரிச்சு நின்னு சொன்னேன், அது நல்ல கேமுங்க மிஸ், எங்க பையன் குரு அத வெளயாடித்தான் சோசியல்ல மார்க்கு வாங்கறான்னு. அவங்களுக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். அதுக்கப்பறம் நடந்தது அவங்களுக்குத் தெரியாதில்ல.

ஒக்காருங்க. அந்த ஸ்டூல்ல கெடக்கற துணிய எடுத்து இப்பிடி டேபிள் மேல போடுங்க. ஜாவீது பேன்ட்டா இது? காட்டுங்க. மடிப்ப அவுத்து எறக்கிட்டா இந்த வருசம் ஓட்டிரலாம். எட்டாவது போனதும் என்னா வளத்தி வளர்றானுங்க பாருங்க. எங்கூட்டுதும் அப்பிடித்தான். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்திருந்தா எவன் எவன்னு முதுகப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாது.

ம், கேமு. பேரு ஹண்ட்ரட் வார்ஸ். நூறு சண்டை. எல்லாம் நெசமா நடந்த சண்டையாம். ராஜா காலத்துல யானை மேல ஒக்காந்து போட்ட சண்டையில ஆரம்பிச்சு, நம்ம வயசுக்கு பேப்பர்ல படிச்சமே, அந்தச் சண்டை வரைக்கும் இருக்குது. ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஒருத்தன் டிவி நியூஸ் மாரி பேசறான். எந்த வருசம், எந்த ஊரு, எதுக்குச் சண்டை வந்துச்சு, மேப்பெல்லாம் காட்டறான். அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்ங்க்கா. ரெண்டாம் உலகப்போர்ல யாரு யாரு கூடச் சேந்தாங்கன்னு நம்ம குரு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். நான் பத்தாவதுல அந்தப் பாடத்த மனப்பாடம் பண்ண முடியாம அழுதவ.

ஆனா சண்டை ஆரம்பிச்சா சண்டைதான். ஒளிச்சு மறைச்சுச் சொல்ல நான் விரும்பல. கத்திச் சண்டையில கை தனியா கால் தனியா போவுது. மொத நாளு பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. இன்னொண்ணு, குழி வெட்டி அதுக்குள்ள படுத்துட்டுச் சண்டை போடுவாங்களே, அது. சேறு, எலி, அப்பறம் புகை விட்டுக் கொல்றானுங்க. ஒருத்தன் மூச்சு முட்டி நெஞ்சப் புடிச்சுக்கிட்டுச் சாவறான், நம்மாளு பக்கத்துல மிக்சரு தின்னுட்டு ஒக்காந்திருக்கான். டேய் எப்பிடிடா உனக்கு எறங்குதுன்னேன். அம்மா, அவன் எதிரிம்மா அப்பிடிங்கறான். அடுத்த ரவுண்டு பாத்தா அந்த எதிரி டிரஸ்ஸப் போட்டுட்டு இவன் வெளயாடறான். ஏன்டா, இதுல நல்லவங்க எந்தப் பக்கம்னு கேட்டா, நாம எந்தப் பக்கம் வேணா எடுத்துக்கலாம்மா, அதான் இந்த கேமோட ஸ்பெசலேங்கறான்.

வயசா? பதினெட்டுன்னுதான் போட்டிருக்குது. முன்னயாவது பொட்டியில வரும், மேல பெருசா எழுதியிருக்கும், நாமளும் பாப்போம். இப்ப நெட்டுலயே எறக்கிக்கறானுங்க. பொறந்த தேதி கேட்டுச்சாம். இவன் என்னோட பொறந்த தேதியப் போட்டுட்டான். போன தடவ அதுலருந்து எனக்கு பர்த்டே விஷ் பண்ணி மெயில் வந்துச்சு.

சிரிங்க சிரிங்க. நானும் சிரிச்சேன்.

கம்ப்யூட்டரு எங்க தம்பி முருகன் குடுத்தது. ஓசூர்ல கம்பெனியில இருக்கான், அவன் புதுசு வாங்கினதும் பழச எங்களுக்குக் கொண்டாந்து வெச்சான். கேமும் அவன்தான் ஏத்திக் குடுத்தான். நான் வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். அவன்தான் எனக்கு ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தான், அக்கா, புடுங்கி வெச்சா பக்கத்து வூட்டுல போயி வெளயாடுவான், அதுக்கு நம்ம கண்ணு முன்னாடியே வெளயாடட்டும், செட்டிங்ஸ்ல மூணு விசயத்த மாத்திரு போதும்னான். அத உங்களுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. மைக்க ஆஃப் பண்ணிரணும். எந்தெந்த ஊர்லருந்தோ எவனெவனோ பேசறான், நம்ம தமிழ்லயே கெட்ட கெட்ட வார்த்த பேசறானுங்க, காதுல கேக்க முடியல. அப்பறம் நேரம் வெக்கலாம், ஒரு மணி நேரம் ஆனா தானா நின்னுரும். அப்பறம் ரத்தம். ரத்தத்த ஆஃப் பண்ற மாரி ஒரு பட்டன் இருக்குது.

ஆமாங்க்கா, நெசமா. ரத்தம் வேணும், வேண்டாம்னு. வேண்டாம்னு வெச்சா, அடிபட்டவங்க கீழ விழ மாட்டாங்க. பொக்குனு கொஞ்சம் தூசி மாரி வரும், ஆளக் காணம். அவ்ளோதான். எனக்கு அது மொதல்ல பரவால்லன்னுதான் இருந்துச்சு. புள்ள ரத்தம் பாக்கலன்னு நிம்மதி. ரொம்ப நாளு அப்பிடியே ஓடுச்சு. அந்த நம்பிக்கையிலதான் மீட்டிங்ல எந்திரிச்சுப் பேசுனது.

அந்தக் கத்திரியக் கொஞ்சம் எடுங்க. ம், அதான்.

எங்க வூட்டுக்காரரத் தெரியுமில்ல உங்களுக்கு? தவராசா. உங்க கடை ஷட்டருக்குப் பச்சை அடிச்சாரே, அவருதான். பெயின்டரு. ஆமா, சிலோன்காரருதான். அங்க சண்டை முடிஞ்ச கையோட இங்க வந்தவரு, முகாம்ல கொண்டாந்து போட்டாங்க. அந்த முகாம்ல முக்காவாசி ஆம்பளைங்க பெயின்டு அடிக்கத்தான் போவாங்க. நான் அப்ப ஒரு தையல் கம்பெனியில வேலை செஞ்சுட்டு இருந்தேன், அந்தக் கட்டடத்துக்கு வெள்ளை அடிக்க வந்தாரு. ஏணி மேல நின்னுட்டு ஒரு சத்தம் போடாம வேலை செய்வாரு. மத்தவங்க பாட்டு வெப்பாங்க, கத்துவாங்க, இவரு கம்முனு அடிப்பாரு. எங்கம்மா இண்டூர்ல காடு தோட்டத்தோட இருக்கறவங்க, அகதிக்கா பொண்ணக் குடுப்பாங்கன்னு ஒரே ரகளை. நான் நின்னு கட்டிக்கிட்டேன். குரு பொறந்து அவன் நடக்கறப்பதான் எங்கம்மா வூட்டுப் படி ஏறுனாங்க.

அங்க உங்களுக்கு யாருங்க இருக்காங்கன்னு கல்யாணத்துக்கு முன்ன ஒரு தடவ கேட்டேன். ஒருத்தரும் இல்லைன்னாரு. அந்த ஒரு வார்த்ததான். சொன்னப்ப அவரு மொகத்தப் பாத்தேன், அப்பறம் அந்தப் பேச்ச எடுக்கறதே இல்லன்னு விட்டுட்டேன். நல்ல மனுசன்ங்க்கா. குடி கெடையாது. சோத்துல கொற சொல்ல மாட்டாரு. களி கிண்டிப் போட்டா களி, கூழு ஊத்துனா கூழு. அரிசிக் கஞ்சி மட்டும் வாயில வெக்க மாட்டாரு. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட வெச்சுக் குடுத்தேன், ஒரு பார்வை பாத்தாரு, எடுத்துட்டுப் போயிட்டேன். ஏன்னு கேக்கல.

பேச்செல்லாம் நம்ம ஊரு மாரியே பழகிட்டாரு. புதுசாப் பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

அந்த கேமுல அப்பப்ப அப்டேட்டுன்னு ஒண்ணு வரும். புதுசு புதுசாச் சண்டை சேப்பானுங்க. காப்பரீட்சை லீவுல ஒண்ணு வந்துச்சு. குரு குதிக்கறான். அம்மா அம்மா, அப்பா ஊரு வந்திருக்கும்மா, சிலோன் வந்திருக்கும்மான்னு. புள்ளைக்கு அது எவ்ளோ பெரிய விசயம் பாருங்க. ஸ்கூல்ல இவன அகதி பையன்னு சொல்றவனுங்களும் இருக்கானுங்க. ஜாவீது அப்பிடிச் சொல்ல மாட்டான், அவன் தங்கம், நான் மத்தவனுங்களச் சொல்றேன். இப்ப அவங்கப்பா ஊரு உலகம் பூரா வெளயாடற கேமுல வந்திருக்குது. சாயங்காலம் அவரு வேலையிலருந்து வந்து கையக்கூடக் கழுவல, வெரலெல்லாம் பெயின்டு, கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டான். அப்பா வந்து பாருங்கப்பான்னு.

நான் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்தேன். திரையில பனைமரமா நிக்குது. மணலு. நீலத்துல ஆரஞ்சுல தார்ப்பாய் கட்டுன கூடாரம். தூரத்துல தண்ணி, கடலு இல்ல, ஏரி மாரி அகலமா. அவரு சேருக்குப் பின்னாடி நிக்கறாரு. அப்பறம் சொன்னாரு பாருங்க, றோட்டு அப்பிடி இல்லை, அது இஞ்சால வளைஞ்சு போகும்னு. இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு நாளும் பேசாத பேச்சு அது. அவங்க ஊருப் பேச்சு. குரு திரும்பிப் பாக்கறான். அவரு வெரல நீட்டி, அதில ஒரு கிணறு இருக்கோணும், அதுக்குப் பக்கத்தில ஒரு சேர்ச், ஓம், அந்தா இருக்கு, சரியாத்தான் செய்திருக்கிறாங்கள்ங்கறாரு.

எனக்குச் சந்தோசம்க்கா. பொய் சொல்லல. அன்னிக்கு அப்பனும் மகனும் ஒட்டி ஒக்காந்து பேசுன மாரி நான் என்னிக்கும் பாத்ததில்ல. இவன் கேள்வி கேக்கறான், அவரு பதில் சொல்றாரு. எங்க மீன் புடிப்பீங்க, எங்க படிச்சீங்க. நான் ரெண்டு பேருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டு, தேவல, இந்தக் கருமத்தால ஒரு நல்லது நடந்துச்சுன்னு நெனச்சுட்டு சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுட்டு இருந்தேன். அடுத்த வாரம்தான் மீட்டிங்கு. அதான் அவ்ளோ பெருமையாப் பேசுனேன்.

அந்தச் சண்டையில எந்தப் பக்கம் எடுத்தாலும் நடுவுல சனம் இருக்குது. அவரு சனம்னுதான் சொல்லுவாரு, ஜனங்கன்னு சொல்ல மாட்டாரு. நூத்துக் கணக்குல ஆளுங்க, மூட்டையத் தூக்கிட்டு, கெழவிகளத் தூக்கிட்டு, தண்ணிப் பக்கமா ஓடிட்டே இருக்கறாங்க. வெளயாடறவனுக்கும் அவங்களுக்கும் சம்மந்தமே கெடையாது. பின்னாடி மரம் இருக்கற மாரி, வூடு இருக்கற மாரி, சும்மா வெச்சிருக்கறானுங்க. குண்டு பட்டா படுது, இல்லாட்டி இல்ல. அதுக்கு மார்க்கும் கெடையாது, கொறையறதும் கெடையாது. குருதான் இதெல்லாம் எனக்குச் சொன்னான்.

மீட்டிங் முடிஞ்சு ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ, இவன் சுட்டுட்டு இருக்கான், அவரு பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு இருக்காரு. நாங்கதான் ரத்தத்த ஆஃப் பண்ணி வெச்சிருக்கமே. அந்தச் சனம் பொக்கு பொக்குனு காணாமப் போவுது. அவரு கேக்கறாரு, எங்க போச்சுது சனம்? குரு வெளயாட்டு மும்முரத்துல, அதுப்பா, செட்டிங்ஸ்ல ஆஃப்ல இருக்குதுப்பான்னான். திருப்பியும் கேக்கறாரு, இல்லை, எங்க போச்சுதுகள்? செத்துட்டாங்கப்பா. செத்தா உடம்பு எங்க? அதான்பா, செட்டிங்ஸ். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. கொழாயடியில நின்னு கைய கழுவறாரு, கழுவறாரு, கழுவிட்டே இருக்கறாரு. நான் போயி கொழாய மூடுனேன்.

அடுத்த நாளு குருகிட்ட வந்து, எனக்கும் இதைச் சொல்லித் தா தம்பின்னு கேட்டாரு.

மௌஸ்ஸு புடிக்கத் தெரியாத மனுசன்ங்க்கா. போன்ல எனக்கு ஒரு மெசேஜ் போடச் சொன்னா அர மணி நேரம் தடவுவாரு. ஒக்காந்து கத்துக்கிட்டாரு. எப்பிடி நடக்கறது, எப்பிடிக் குனியறது. எப்பிடிச் சுடறதுன்னு குரு காட்டுனா, அது வேண்டாம், துவக்கைக் கீழ வைக்கிறது என்னண்டு காட்டுன்னாரு. அப்பிடி ஒண்ணு அதுல கெடையாதாம். துப்பாக்கி மாத்தலாம், பெருசு எடுக்கலாம், சின்னது எடுக்கலாம், கீழ வெக்க முடியாதாம். சரி, இந்தச் சனத்தை அங்கால கொண்டு போறதுக்கு என்ன வழி? அப்பா, அது மிஷன் இல்லப்பா. மிஷன் என்னான்னா அந்தப் பாலத்தப் புடிக்கணும். எனக்குப் பாலம் வேண்டாம், சனத்துக்கு என்ன செய்யலாம்?

புள்ளையும் தேடிப் பாத்தான்ங்க்கா. அவனத் தப்பு சொல்ல முடியாது. யூடியூப்ல போயி அந்தச் சண்டைய வெளயாடுனவங்க வீடியோ எல்லாம் பாத்தான். அந்த கேமுக்காரங்க பேசிக்கற எடத்துல இங்கிலீஷ்ல எழுதிக் கேட்டான், எங்கப்பாவுக்குத் தெரியணும், அந்த ஜனங்களக் காப்பாத்த வழி இருக்குதான்னு. எத்தனையோ பேரு சிரிக்கற பொம்மை போட்டானுங்களாம். ஒருத்தன் மட்டும் மரியாதையா எழுதினானாம், இது வரைக்கும் யாரும் முயற்சி பண்ணதில்லன்னு.

அவரு முயற்சி பண்ணாரு. போயி அந்தச் சனத்துக்கு முன்னால நின்னுக்குவாரு. சுட மாட்டாரு. ரெண்டு பக்கமும் இவரச் சுடும். செத்துருவாரு. தோத்துட்டன்னு சிவப்புல எழுத்து வரும். திருப்பி ஆரம்பிப்பாரு. ஒரு மணி நேரத்துல நிக்கறதயும் குருகிட்டச் சொல்லி எடுத்துட்டாரு. அத அப்பிடியே எத்தன தடவ பண்ணுவீங்க சொல்லுங்க. வேலைக்குப் போறது நின்னு போச்சு. மாதப்பன்னு அவரு மேஸ்திரி, நல்ல மனுசன், வூட்டுக்கே வந்து கூப்புட்டாரு. தவா, பாலக்கோட்ல பெரிய வேலை புடிச்சிருக்கேன், நீ வந்தாத்தான்யா ஆவும்னாரு. இவரு எந்திரிச்சு வந்து மரியாதையா நின்னு, இதை முடிச்சிட்டு வாறன் அண்ணைன்னாரு. மேஸ்திரி என்னப் பாக்கறாரு. அவருக்கு இது என்ன பேச்சுன்னே புரியல. எனக்கும் அப்பத்தான் ஒறைச்சுது, நம்ம ஊருப் பேச்சு அவருக்கு மறந்தே போச்சுன்னு. இப்ப எங்கிட்டயும் அப்பிடித்தான் பேசறாரு. குளிச்சீங்களான்னா ஓம்ங்கறாரு. குளிச்சிருக்க மாட்டாரு.

வயசு பாத்து வாங்கிக் குடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. பதினெட்டுக்கு மேலன்னு போட்டிருக்குது. எங்க வூட்டுக்காரருக்கு நாப்பத்தஞ்சு தாண்டிருச்சு.

புடுங்கலாம்னு தோணாதாங்க்கா? ஒயர உருவிப் போட்டேன் ஒரு நாளு. சத்தம் போடுவாரு, அடிப்பாரு, எதுனாச்சும் பண்ணுவாருன்னு பயந்துட்டே நின்னேன். ஒண்ணும் பண்ணல. கறுப்புத் திரையப் பாத்துட்டு அப்பிடியே ஒக்காந்திருந்தாரு. மெதுவாச் சொல்றாரு, இப்பத்தான் பாதி தூரம் வந்தனான் கோகிலா, அதுகள் நடுவில நிக்குதுகள். இத நான் என்னன்னு எடுத்துக்கறது? அது பொம்மைங்க, சொருகுனா மொதல்லருந்து வரும்னு சொல்லலாம். ஆனா நானே திருப்பிச் சொருகிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரியாஸ்பத்திரிக்குத்தான். சின்ன வயசுப் பொண்ணு, டாக்டரு, நல்லாத்தான் பேசுச்சு. உள்ள இருக்கறத அவரு பேசணும்மா, பேசுனாத்தான் வழி பொறக்கும்னுச்சு. இவரு கேட்டதுக்கெல்லாம் கையக் கட்டிட்டு ஓம் டாக்டர், ஓம் டாக்டர்னு பதில் சொன்னாரு. தூக்கம் வருதா, ஓம். பசிக்குதா, ஓம். மனசுல எதுனா வெச்சிருக்கீங்களா, இல்லை டாக்டர். மாத்திரை குடுத்தாங்க. முழுங்கறாரு. தூங்கறாரு. முழிச்சதும் போயி அங்க ஒக்காந்துக்கறாரு. அடுத்த மாசமும் வரச் சொல்லி இருக்காங்க. போவேன். போயி என்ன ஆவப் போவுது, ஆனா போவேன்.

குரு இப்ப எங்கம்மா வூட்டுலதான் இருக்கான், இண்டூர்ல. அங்கருந்து பஸ்ஸுல ஸ்கூலுக்கு வர்றான். ஜாவீது சொல்லலையா? அவனும் யாருகிட்டயும் சொல்லிக்கறதில்ல போல. நானா அனுப்பல. அவனே கேட்டான். அப்பா அப்பிடி ஒக்காந்திருக்கறத என்னால பாக்க முடியலம்மான்னான். இப்ப எந்த கேமும் தொடறதில்ல. போன்ல பாம்பு வெளயாட்டுகூட ஆடறதில்ல. எங்கம்மாவுக்குச் சந்தோசம், பேரன் நல்ல புள்ளையாயிட்டான், மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போடறான்னு. எனக்குத்தான் அவன் மொகத்தப் பாக்க முடியல.

அதனால ஜாவீதுக்கு வாங்கித் தரலாமான்னு கேட்டீங்கன்னா, வாங்கித் தாங்கன்னும் சொல்ல மாட்டேன், தராதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ஜாவீதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க்கா. நாலு மாசம் வெளயாடுவான், சலிச்சுப் போயி வேற கேட்பான். மைக்க ஆஃப் பண்ணிருங்க. நேரம் வெச்சுருங்க. ரத்தத்த மட்டும் ஆஃப் பண்ணாதீங்க. என்னடா இது, இப்பிடிச் சொல்றாளேன்னு நெனைக்காதீங்க. சுட்டா ஆளு விழணும். விழுந்தவன் அங்கயே கெடக்கணும். அது புள்ளைங்களுக்குத் தெரியட்டும். காணாமப் போறத மட்டும் காட்டாதீங்க.

என்னங்க்கா? இல்ல இல்ல, சொல்லுங்க, பரவால்ல.

ம். நானும் அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன். ஊரப் பாத்தாரு, பழசு ஞாபகம் வந்துருச்சு, அவ்ளோதான், போகப் போகச் சரியாயிரும்னு. ஆனா அந்த கேமுல ஓடற கூட்டத்துல ஒரு சின்னப் புள்ள இருக்குது. ஸ்கூல் கவுனு போட்டு, ஒரு தண்ணி கேனத் தூக்க முடியாமத் தூக்கிட்டு ஓடும். இப்ப அவரு மத்தவங்கள எல்லாம் விட்டுட்டாரு, அந்தப் புள்ள பின்னாடியேதான் போறாரு. முன்னாடி நின்னா ஆவலன்னு, பின்னாடி போறாரு. ஏன் பின்னாடின்னா, அந்தப் பொம்மைங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியுமாம், துப்பாக்கி வெச்சிருக்கறவனப் பாத்தா எதிர்ப்பக்கம் ஓடணும். இவரு கையில இருக்கறதத்தான் கீழ வெக்க முடியாதே. அதனால இவரு கிட்டப் போகப் போக அது பயந்து தண்ணிப் பக்கமா ஓடுது. நிசா, தலையைக் குனி, நிசா, ஓடு, நில்லாதைன்னு வாய்க்குள்ளயே சொல்லிட்டுப் பின்னால போறாரு.

நிசாங்கறது கேமுக்காரன் வெச்ச பேருன்னு நெனச்சுட்டேன். போன ஞாயித்துக்கெழம இண்டூரு போனப்ப குருகிட்டச் சும்மாங்காட்டி கேட்டேன், ஏன்டா அந்தப் புள்ளைக்கு நம்ம பேரு மாரியே நிசான்னு வெச்சிருக்கானுங்கன்னு. அவன் கையில சோளத்தட்டு. அப்பிடியே நின்னுட்டான். அம்மா, அந்த ஜனங்களுக்கு யாருக்கும் பேரே கெடையாதும்மான்னான். தட்டக் கீழ போட்டுட்டு, எனக்கு ஒரு அக்கா இருந்துச்சாம்மான்னான்.

இருந்திருக்குதுங்க்கா. அவங்கப்பாகிட்ட நானும் கேக்கல, அவரும் சொல்லல. ஆனா இருந்திருக்குது. குரு அழுவல. அந்த அப்டேட்டு வந்த அன்னிக்கு, அப்பா வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ளயே ஒரு தடவ வெளயாடி ஜெயிச்சுட்டேம்மா, மெடல்கூடக் குடுத்தான்னு மட்டும் சொன்னான்.

இன்னிக்குக் காலையில கடைக்குக் கெளம்பறப்ப எட்டிப் பாத்தேன். எப்பிடியோ ஒருத்தரும் சுடாம அந்தப் புள்ளையத் தண்ணி வரைக்கும் ஓட்டியாந்துட்டாரு. முட்டிக்கால் அளவு தண்ணியில நிக்குது. நகரல. அவரு மௌஸ்ஸுலருந்து கைய எடுக்காம என்னத் திரும்பிப் பாத்து, தம்பியைக் கேட்டுச் சொல்லு, இனி எந்தப் பக்கம்னாரு. இங்க வந்து ஷட்டர் தொறந்ததும் மொத வேலையா குருவுக்குப் போன் போட்டேன். பஸ்ஸுல இருந்தான். கேட்டேன். தண்ணிக்கு அந்தாண்ட அவனுங்க ஒண்ணுமே வரையலம்மான்னான்.